அவசரம் நீங்கலாக

ஒக்காருங்க சார், தாராளமா ஒக்காருங்க. பைய நான் மடியில வச்சிக்கிறேன். சன்னல் ஓரம் நீங்களே போங்க, நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்கிருவேன். நீங்க ராஜபாளையமா? நல்லதாப் போச்சு. நான் எறங்குனதும் காலை நீட்டிக்கிட்டுப் போகலாம்.

பையில பெருசா ஒண்ணும் இல்ல சார். ஒரு கிலோ காராச்சேவு, ஒரு பொட்டணம் பூந்தி, அப்புறம் ஒரு காயிதம். அந்தக் காயிதத்த ஒரு புள்ள கையில குடுத்து, அவளத் திரும்ப வேலைக்கிக் கூப்பிட்டுட்டு வரணும். உமாமகேசுவரின்னு பேரு. எங்க பிரஸ்ல பதினோரு வருசம் புரூஃப் பாத்தவ. மூணு மாசம் முன்னால பேனாவ மூடி மேசையில வச்சிட்டுப் போயிட்டா. ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருசக் காலண்டர் மாதிரியெல்லாம் சேத்த ஆல்பம் வெளிய போகணும். இன்னும் முழுசா ரெண்டு மாசங்கூட இல்ல. அவ வரலேன்னா எங்க காலண்டரப் பாத்து யாரு என்னைக்கித் தாலி கட்டுவாங்கன்னு எனக்கே தெரியாது.

ஆமா சார், சிவகாசிதான். தினமும் தேதி கிழிக்கிறீங்கள்ல, அந்தக் காலண்டர் அடிக்கிற பிரஸ். ஒங்க வீட்டுச் செவுத்துல தொங்குறதுகூட எங்களுதா இருக்கலாம். நான் அங்க மேனேஜரு. ராஜகனி அண்ணாச்சின்னு கேட்டா...

அட, பயந்துட்டீங்களா? கோழி இல்ல சார், என் போனு. ஒரு நிமிசம். ஆங், சொல்லுப்பா. அட்டை வந்துருச்சா? வெயில் படாம அடுக்கச் சொல்லு. நான் வந்து பாக்குறேன். இல்லப்பா, நீ பாத்தா பத்தாது, நான் வந்து பாக்குறேன்.

மிஷின் ஓடுற சத்தத்துல சாதாரண மணி காதுல விழல்லன்னு என் மகன் இந்தக் கோழி சத்தத்த வச்சிக் குடுத்தான். பன்னெண்டு வருசம் ஆச்சு. மூணு போன் மாத்திட்டேன், கோழிய மாத்தல்ல. இந்தக் கோழி கூவுனா பிரஸ்ல இருக்குற அத்தன பேரும் நிமுந்து ஒக்காருவாங்க சார். அப்படி ஒரு மரியாத.

ஒங்க போனும் துடிக்குதே, எடுக்கல்லையா? ஆபீஸா? கம்ப்யூட்டர் கம்பெனியா? வீட்டுலருந்தே வேலையா! அப்ப வேலை எத்தன மணிக்கி சார் முடியும்? முடியாதா? அப்படிப் போடுங்க! நீங்க நம்ம ஆளு. ஒங்ககிட்டத்தான் இதச் சொல்லணும். ஒங்களுக்குத்தான் என் ஆதங்கம் புரியும்.

உமாவக் குறை சொல்ல மாட்டேன் சார். வேலையில சுத்தம். முந்நூத்தி அறுவத்தஞ்சு தாளும் அவ கண்ணுக்குள்ள போயி வெளிய வரணும். ராகு காலம், எமகண்டம், அமாவாச, கிருத்திக, நபிகள் பொறந்த நாள், சாம்பல் புதன், ஒண்ணு தப்பாது. நம்ம கண்ணுக்கு எல்லாத் தாளும் ஒரே மாதிரி இருக்கும். அவ சும்மா பொரட்டிக்கிட்டே போவா, டக்குன்னு நிப்பா, "அண்ணாச்சி, இந்த மாசத்துல ரெண்டு பிரதோசந்தான் வரும், மூணு போட்டிருக்கு"ன்னுவா. அப்படி ஒரு கண்ணு.

அவகிட்ட ஒரே ஒரு கொறதான். ஆறு மணியானா போன அணைச்சிருவா.

அணைச்சிருவான்னா, எடுக்காம இருக்குறது இல்ல சார். அணைக்கிறது. நாம கூப்பிட்டா ஒரு பொம்பள இங்கிலீசுல என்னமோ சொல்லும். ஞாயித்துக்கிழம முழுசும் அந்தப் பொம்பளதான். நான் அந்தப் பொம்பளகிட்டயே பல தடவ கோவப்பட்டிருக்கேன்.

மொதல்லல்லாம் அப்படி இல்ல. நல்லா எடுத்துக்கிட்டுத்தான் இருந்தா. பிரசவத்துக்குப் போனப்பகூட நான் கூப்பிட்டேன். ஒரே ஒரு தடவதான். அவ புருசன் எடுத்தாரு. கொழந்த பொறந்துருச்சான்னு கேட்டேன், பொண்ணுன்னாரு. ரொம்ப சந்தோசம்னு சொன்னேன். அதுக்கப்புறந்தான் தை மாசத்து பைலு எங்க இருக்குன்னு கேட்டேன். சில பேரு எடுத்த எடுப்புல பைலத்தான் கேப்பான். நாம அப்படி இல்ல, மனுசத்தன்மை வேணும்ல.

அவ தம்பி கல்யாணத்துலயும் எடுத்தா. கொட்டுமேளம் கேட்டுச்சு. பெருமாள் படம் எந்தக் கவர்ல இருக்குன்னு கேட்டேன். "ஒங்க மேசையில, தூக்குவாளிக்கு அடியில அண்ணாச்சி"ன்னா. பாத்தா அங்கதான் இருக்கு! தாலி கட்டுற நேரத்துலயும் இதச் சொல்றான்னா எப்பேர்ப்பட்ட ஞாபகம் பாருங்க. அன்னைக்கி அவளப் பத்தி மொதலாளிகிட்ட பெருமையாப் பேசுனேன்.

மகளுக்குக் காது குத்துனாளே, அங்கதான் சார் வெனை. அமாவாச ஞாயிறா திங்களான்னு ஒரு பார்ட்டி கேட்டான். எனக்குச் சட்டுன்னு நெனவுக்கு வரல்ல. ஆமா சார், நான் ஒக்காந்திருக்குற ரூம்ல நாலு செவுத்துலயும் காலண்டர் தொங்குது, அது இல்லேன்னு சொல்லல்ல. ஆனா உமாவக் கேட்டா சுளுவு. போன் போட்டேன். அவ எழுந்து வெளிய வந்து எனக்குப் பதில் சொல்லிட்டுத் திரும்பிப் போறதுக்குள்ள ஒரு காதுல குத்தி முடிச்சிட்டாங்களாம். புள்ள அம்மாவத் தேடி ஒரே அழுகையாம். அதுக்கு நான் என்ன சார் பண்றது? இன்னொரு காது பாக்கி இருந்துச்சுல்ல?

மறுநா காலையில வந்து எம் முன்னால நின்னா. சத்தமே போடல்ல. "அண்ணாச்சி, இனிமே ஆறு மணிக்கு மேல என்னால பேச முடியாது. ஞாயித்துக்கிழமயும் முடியாது"ன்னா. நான் சிரிச்சேன். வெளையாடுறான்னுதான் நெனச்சேன். அவ சிரிக்கல்ல. வெளிநாட்டுல இதுக்குச் சட்டமே இருக்குன்னு சொன்னா. "அந்த நாட்டுல பஞ்சாங்கம் இருக்கா?"ன்னு கேட்டேன். எப்படி இருக்கும்?

மல்லி ஸ்டாப் தாண்டிருச்சா? இன்னும் இல்லையா. சரி.

நீங்களே சொல்லுங்க சார், வேலைன்னா என்ன, குழாயா, நேரமானா மூடுறதுக்கு? எங்கம்மா காரியத்தன்னைக்கி நான் ஆத்தங்கரையில மொட்ட போட்டுக்கிட்டு இருக்கேன், கோழி கூவுது. எடுத்துப் பேசுனேன். முடி எடுக்குறவரு, "தலைய ஆட்டாதீங்க அண்ணாச்சி, வெட்டிரும்"னு சத்தம் போடுறாரு. பேசி முடிச்சிட்டுத்தான் வச்சேன். என்ன விசயம்னு இப்ப கேட்டா ஞாபகம் இல்ல. என்னமோ மைய்யி வரலேன்னு. வடு இன்னும் இருக்கு, இங்கன பாருங்க, காதுக்கு மேல.

எங்கம்மாவுக்குக் கடைசியாத் தண்ணி எறைக்கும்போது என்ன மந்திரம் சொன்னாங்கன்னுகூட நான் கேக்கல்ல சார். அது போகட்டும். எதுக்கு இப்ப அது.

விசயத்துக்கு வாரேன். போன ஐப்பசியில ஒரு சனிக்கிழம. மணி ஆறே கால். கழுகுமலைக்கு அங்கிட்டு ஒரு தீப்பெட்டி ஆபீஸ்காரரு, நம்மகிட்ட மாசக் காலண்டர் ஆயிரம் சொல்லியிருந்தாரு, அவருகிட்ட வேலை பாக்குற பொம்பளைகளுக்கும் கடைகளுக்கும் குடுக்க. அவரு போன் பண்ணி, "பங்குனியில எங்க ஊரு அம்மன் பொங்கல் வருது, அந்தச் செவ்வாக்கிழமையச் செவப்பாப் போட்டுருங்க, எங்களுக்கு அன்னைக்கி லீவு"ன்னாரு. நியாயமான ஆசைதான். கருப்பு மசியில இருக்குற ஒரு தேதியச் செவப்புக்கு மாத்தணும், அவ்வளவுதான். உமாவுக்கு அடிச்சேன். அந்த இங்கிலீசுப் பொம்பள வந்துருச்சு.

திங்கக்கிழம காலையில சொல்லியிருக்கலாமேன்னு பாக்குறீங்க. சொல்லியிருக்கலாம். அவருக்குக் காலண்டர் வேண்டியது மார்கழியிலதான். ஆனா கையில ஒரு வேலைய வச்சிக்கிட்டு எப்படி சார் தூங்குறது?

நானே உமா கம்ப்யூட்டர்ல ஒக்காந்தேன். அவ பண்றத எத்தனையோ தடவ பின்னால நின்னு பாத்திருக்கேன். முன்னால இருந்த ஞாயித்துக்கிழமயிலருந்து செவப்ப எடுத்தேன், செவ்வாக்கிழம மேல வச்சேன். பளிச்சுன்னு செவப்பா ஆயிருச்சு. எனக்கே கை தட்டணும் போல இருந்துச்சு. மூணு தடவ சரி பாத்தேன் சார். ஞாயித்துக்கிழம காலையில மிஷின்காரர வீட்டுலருந்து வரச் சொல்லி, மத்தியானத்துக்குள்ள ஓட்டி முடிச்சிட்டேன்.

திங்கக்கிழம ஒம்போது மணிக்கு உமா வந்தா. நான் ஒரு தாள எடுத்து அவ முன்னால போட்டேன். நீ இல்லேன்னா ஒலகம் நின்னுருமான்னு காட்டணும்ல. அவ பாத்தா. டக்குன்னு நின்னா.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம எங்க?"

"அங்கதான் இருக்கு, பாரு."

"கருப்பா இருக்கு."

அப்பத்தான் நானும் பாத்தேன். ஆமா, கருப்பா இருக்கு. நகல் எடுத்து ஒட்டணுமாம் சார். நான் வெட்டி எடுத்தே ஒட்டிட்டேன். ஞாயித்துக்கிழமையில இருந்த செவப்பு பூரா செவ்வாக்கிழமைக்குப் போயிருச்சு. மூணு தடவ பாத்தும் எனக்கு எப்படித் தெரியல்லன்னு இன்னைக்கி வரைக்கும் விளங்கல்ல. ஞாயித்துக்கிழம கருப்பா இருந்தது என் கண்ணுக்குத் தப்பாவே படல்ல சார்.

என்ன சிரிக்கிறீங்க? சிரிங்க, சிரிங்க.

அவ ஒரு துண்டுத் தாள்ல எழுதி என் மேசையில வச்சா. "பங்குனி ஞாயிறு கருப்பாக உள்ளது. திருத்தி அடிக்கவும். திங்கள் காலை 9.10." கையெழுத்து. நான் அத டிராயர்ல போட்டு மூடிட்டேன். ஒரு வருசத்துல அம்பத்திரெண்டு ஞாயித்துக்கிழம வருது, ஒண்ணு கருப்பா இருந்தா யாரு பாக்கப் போறான்னு நெனச்சேன். காலண்டர் கட்டிப் போயிருச்சு.

பாத்தாங்க சார். பங்குனியில பாத்தாங்க. தீப்பெட்டி ஆபீஸ்காரரு செவுத்துல மாட்டியிருக்குற காலண்டரப் பாக்குறாரு. செவ்வா செவப்பு, ஞாயிறு கருப்பு. அவரு என்ன நெனச்சிட்டாருன்னா, பொங்கலுக்கு லீவு விட்டா அதுக்குப் பதிலா ஞாயித்துக்கிழம வேலை வைக்கணும்னு பிரஸ்காரங்களே ரோசன பண்ணிப் போட்டிருக்காங்கன்னு நெனச்சிட்டாரு. "சிவகாசிக்காரன் சிவகாசிக்காரன்தான்"னு பாராட்டிட்டு, ஞாயித்துக்கிழம எல்லாரும் வேலைக்கி வந்துரணும்னு சொல்லிட்டாரு. கேட்டா, "காலண்டரப் பாரு, கருப்பாத்தான இருக்கு?"ன்னாராம்.

மறுநா ஒரு மினி வேன் வந்து எங்க பிரஸ் வாசல்ல நின்னுச்சு. இருவது பொம்பளைங்க. ஆளுக்கொரு காலண்டர் கையில. முன்னால நின்ன அம்மா தீக்குச்சி மருந்து ஒட்டுன கையோட ஒரு தாள நீட்டி, "எங்க ஞாயித்துக்கிழமையத் தின்ன மகராசன் யாருய்யா?"ன்னுச்சு. வாரத்துல ஒரு நாத்தான் தலைக்கித் தண்ணி ஊத்துறோம், ஒரு நாத்தான் புள்ளைக மூஞ்சியப் பகல்ல பாக்குறோம், அதையும் மசி போட்டு அழிச்சிட்டியேன்னு ஒரே சத்தம். மொதலாளி வெளிய வந்தாரு. யாரு புரூஃப் பாத்ததுன்னு கேட்டாரு.

நான் சொன்னேன், புரூஃப் பாக்குறது உமான்னு.

பொய் இல்லையே சார்? புரூஃப் பாக்குறது உமாதான? அவரு "யாரு பாத்தது"ன்னு கேட்டாரு, நான் "யாரு பாக்குறது"ன்னு சொன்னேன். அவ்வளவுதான். அந்த நேரத்துல, அத்தன பேரு முன்னால, வாயில அதான் வந்துச்சு.

உமா என்னப் பாத்தா. உள்ள போயி என் டிராயரத் தொறந்து அந்தத் துண்டுத் தாள எடுத்து மொதலாளி கையில குடுத்தா. அந்த அம்மாகிட்டப் போயி, "ஒங்க ஞாயித்துக்கிழம ஒங்களுக்குத்தாம்மா, எங்க காலண்டர் தப்பு"ன்னு ஒரு லெட்டர் எழுதி மொதலாளி கையெழுத்து வாங்கிக் குடுத்தா. வேன் போயிருச்சு. அப்புறந்தான் பேனாவ மூடி வச்சா.

அதுக்கப்புறம் ரெண்டு பேரப் போட்டுப் பாத்தோம். ஒருத்தரு மார்கழியில முகூர்த்த நாள் போட்டாரு. இன்னொருத்தரு தீபாவளிய வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிட்டாரு, லீவு சேந்தாப்புல வரட்டும்னு. மொதலாளி என்னக் கூப்பிட்டு, "உமா என்ன கேக்குதோ எழுதிக் குடுத்துக் கூட்டிட்டு வா"ன்னுட்டாரு. உமா போன்ல சொல்லச் சொல்ல மொதலாளியே டைப் அடிக்க வச்சி, கையெழுத்தும் போட்டுட்டாரு. இந்தா, இதான் சார் அந்தக் காயிதம். படிச்சிப் பாருங்க.

"மாலை ஆறு மணிக்கு மேலும் ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களிலும் அலுவலகத்திலிருந்து போன், மெசேஜ் எதுவும் வராது. வந்தாலும் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எடுக்காததற்காக எந்த நடவடிக்கையும் கிடையாது." கீழ மொதலாளி. அதுக்குக் கீழ மேனேஜர்னு போட்டு எனக்கு ஒரு எடம்.

நானும் கையெழுத்துப் போட்டுட்டேன் சார். ஆனா போடுறதுக்கு முன்னால, இங்கன பாருங்க, கடைசி வரிக்கிப் பின்னால சின்ன எழுத்துல ஒண்ணு சேத்திருக்கேன். "அவசரம் நீங்கலாக." அவ்வளவுதான். ரெண்டே வார்த்த. மொதலாளிக்குக்கூடத் தெரியாது. ஒரு பேச்சுக்கு, நாளைக்கி பிரஸ்ல தீப்பிடிச்சா கூப்பிட வேணாமா?

எது அவசரம்னு யாரு முடிவு பண்றதா? நாந்தான் சார். வேற யாரு?

என்ன, இன்னைக்கா? ஆமா, ஞாயித்துக்கிழமதான். தெரியாமலா. காலண்டர்காரன்கிட்டயே கெழம சொல்றீங்களே! ஞாயித்துக்கிழம தொந்தரவு பண்ண மாட்டோம்னு எழுதுன காயிதத்த ஞாயித்துக்கிழம கொண்டுபோறேன்னுதான கேக்குறீங்க? என் வீட்டுலயும் இதத்தான் கேட்டா. கறி வாங்கக் கூடைய எடுத்துக்கிட்டு நிக்கிறா, "எங்க கெளம்பிட்டீங்க"ன்னா, சொன்னேன். "அந்தப் புள்ளைக்கி அதோட வீட்டுலயும் ஞாயித்துக்கிழம கெடையாதா?"ன்னு சிரிச்சா. நல்லாப் படிச்சிப் பாருங்க சார். போன், மெசேஜ். நேர்ல வரக் கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா? இல்லேல்ல. நான் சட்டப்படிதான் போறேன்.

கோபுரம் தெரியுது பாருங்க. ஊரு வந்துருச்சு. சரி சார், ரொம்ப சந்தோசம். பேசிக்கிட்டே வந்ததுல வழி போனதே தெரியல்ல. ஒங்க பேருகூடக் கேக்கல்ல. பஸ் ஸ்டாண்டுல அஞ்சு நிமிசம் நிப்பான், மெதுவாவே எறங்கலாம்...

ஐயையோ.

சார், சார், அந்த நியூஸ் பேப்பரக் கொஞ்சம் குடுங்க. விரிச்சிக் குடுங்க, மூஞ்சிய மறைச்சிக்கிறேன். இந்தா, முன்வாசல்ல ஏறுதுல்ல, பச்சச் சேலை, அதான் உமா. பின்னாலயே அவ மக, இப்ப எட்டு வயசு இருக்கும். தூக்குவாளியும் துண்டுமா ஏறுறாரே, அவருதான் புருசன். ராஜபாளையம் அய்யனார் கோயில் ஆத்துக்குக் குளிக்கப் போறாங்க போல. இப்ப தண்ணி வந்துருச்சுன்னு சொன்னாங்க.

எப்படி சார் எறங்குறது? வாசல் பக்கத்து சீட்டுல ஒக்காந்துட்டாளே. பின்னால போகலாம்னா இத்தன கூட்டத்த ஏறி மிதிச்சிப் போகணும், திரும்பிப் பாப்பா. ஆமா, பாத்தா என்ன, அவளப் பாக்கத்தான வந்தேன்? அதுவும் சரிதான். இங்கனயே குடுத்துரலாம். எந்திரிச்சி நாலு எட்டு வச்சா போதும்.

இருங்க, என்னமோ சொல்லுது அந்தப் புள்ள. உமா சிரிக்கிறா பாருங்க. வாயப் பொத்திக்கிட்டு, குனிஞ்சி, தோள் குலுங்கி... நான் பாத்ததே இல்ல சார். பதினோரு வருசத்துல இவ சிரிச்சி நான் பாத்ததே இல்ல. சிரிக்கத் தெரியாத பொம்பளன்னுல்ல நெனச்சேன்.

பஸ் எடுத்துட்டானே! பரவால்ல, அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிறேன். மெதுவாப் பேசுங்க.

அட பாவி, கோழி! இப்பப் போயி! மொதலாளி சார், மொதலாளிதான். கூட்டிட்டியான்னு கேக்கக் கூப்பிடுறாரு. எங்கன அமுக்குறது, கைய வச்சிப் பொத்துங்க, பைக்குள்ள போடுங்க...

பாத்தீங்களா சார்? பாத்தீங்களா அவள?

கோழி கூவுன ஒடனே சிரிப்பு நின்னு போச்சு. பாதியில நின்னு போச்சு. கை தன்னால பைக்குள்ள போனுக்குப் போகுது. முதுகு நிமுந்துருச்சு. அந்த மூஞ்சி, அந்தா, இப்ப வந்துச்சு பாருங்க ஒரு மூஞ்சி, அதான் சார் எனக்குத் தெரிஞ்ச உமா. பதினோரு வருசமா நான் அதத்தான் அவ மூஞ்சின்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். மரியாதன்னு சொன்னேனே ஒங்ககிட்ட. நிமுந்து ஒக்காருவாங்கன்னு சொன்னேனே.

இது பயம் சார்.

திரும்பவும் கூப்பிடப் போறாரு. எடுக்கலேன்னா எடுக்குற வரைக்கும் அடிப்பாரு, நான் அடிக்கிற மாதிரியே. சார், இத எப்படி சார் அணைக்கிறது? சத்தத்தக் கொறைக்க இல்ல, ஒட்டுமொத்தமா அணைக்க. எனக்குத் தெரியாது. நெசமாத்தான். வாங்குன நாள்லருந்து அணைச்சதே இல்ல. இந்த ஓரத்துலயா? அமுக்கிக்கிட்டே இருக்கணுமா? ஆங், வந்துச்சு. இப்ப இதத் தொடணுமா? நீங்களே தொடுங்க சார்.

போயிருச்சு. கருப்பா ஆயிருச்சு.

உமா இன்னும் தேடுறா பாருங்க, முன்னயும் பின்னயும். புருசன் என்னமோ சொல்றாரு. எங்கயாச்சும் நெசக் கோழின்னு சொல்லியிருப்பாரு. புள்ள கோழி மாதிரியே கூவிக் காட்டுது. நல்ல புள்ள. அந்தா, சிரிச்சிட்டா. லேசாத்தான், ஆனா சிரிச்சிட்டா. அந்தப் புள்ளையோட ஒரு காதுல குத்தும்போது நாந்தான் சார் அவளப் பேச்சுல நிறுத்தி வச்சேன். நாலு செவுத்துலயும் காலண்டர வச்சிக்கிட்டு. வெக்கமா இருக்கு சார்.

பேனா இருக்கா? ஒரு நிமிசம் குடுங்க. பஸ் ஆடுது, பரவால்ல, அழகா எழுதுறதுக்கா, அடிக்கிறதுக்குத்தான. இந்தா, "அவசரம் நீங்கலாக" போச்சு. நல்லா அழுத்தி அடிச்சிட்டேன், படிக்க முடியுதா பாருங்க. முடியாதுல்ல. பக்கத்துல ஒரு கையெழுத்தும் போட்டுடுறேன், திருத்துனது நாந்தான்னு. உமா இப்படித்தான் கேப்பா.

நாளைக்கி ஒம்போது மணிக்கி வந்து குடுக்குறேன். ஒம்போது அடிச்ச பெறகு. காயிதத்துக்கு முன்னால அந்தக் கருப்பு ஞாயித்துக்கிழம என் வேலைதான்னு அவ முன்னால ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லணும். அன்னைக்கி வாசல்ல, இருவது பேரு முன்னால சொல்லியிருக்கணும். வருவாளா மாட்டாளா, அது அவ இஷ்டம்.

கண்டக்டர் வாராரு. சத்தம் போடாம எனக்கு ஒரு டிக்கெட் எடுத்துருங்க சார், நான் பேசுனா அவ கேட்டுருவா. ராஜபாளையம் ஒண்ணு. இந்தக் காராச்சேவப் பிரிங்க, தின்னுக்கிட்டே போவோம், அவளுக்கு நாளைக்கி வேற வாங்கிக்கிறேன்.

என்ன, ஒங்க போனையும் அணைச்சிட்டீங்களா?

ராஜபாளையத்துல எனக்கா? ஒரு வேலையும் இல்ல சார்.